டெரெசின் முகாமில் ஓர் ஓவிய வகுப்பு: ஃப்ரீடல் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்

குழந்தைகளுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கிறவர்கள் நடுவில் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒரு தரப்பு, பேப்பரையும் கலரையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில், பிள்ளை தானாக வரையட்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, அப்படி விட்டால் அதே வீடு, அதே இரண்டு மலை, நடுவில் அதே சூரியன் என்று வருஷக்கணக்கில் வரைந்துகொண்டே இருப்பார்கள், ஆகவே முறையாகச் சொல்லிக்கொடு என்கிறது. நானும் வார இறுதியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன் என்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அப்போதெல்லாம் நான் இழுக்கிற பெயர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1942 டிசம்பரிலிருந்து 1944 அக்டோபர் வரை, டெரெசின் என்ற நாஜி முகாமில், நூற்றுக்கணக்கான யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குழந்தைகளுக்கு நேர்ந்த முடிவை எழுதிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவர் ஒரு தேர்ந்த ஆசிரியர், அவரிடம் யோசித்து உருவாக்கிய ஒரு முறை இருந்தது, அந்த முறையை எடுத்து ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். செக் நாட்டுத் தலைநகர் ப்ராகிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது டெரெசின். 1780களில் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டிய கோட்டை நகரம், அம்மா மரியா தெரசாவின் பெயரை வைத்தார். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கிற முகாமாக்கினார்கள். 1,40,000க்கும் அதிகமானோர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள், ஏறக்குறைய 88,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். பிள்ளைகளில் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி விடுதிகளில் இருந்தார்கள். எல்410 என்ற கட்டடம் பெண் பிள்ளைகளுடையது, எல்417 பையன்களுடையது. ஓர் அறையில் முப்பது பேர் வரை, மூன்றடுக்குக் கட்டில், மூட்டைப்பூச்சி, கூப்பிடு தூரத்தில் எப்போதும் யாராவது காய்ச்சலில்.

பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்பது உத்தரவு. கணக்கும் வரலாறும் மொழியும் வாசலில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் நடந்தன. பாட்டு, கைவேலை, படம் வரைவது மட்டும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற கணக்கில் அனுமதிக்கப்பட்டது. படம் வரைவதெல்லாம் ஒரு படிப்பா என்ற அலட்சியம் நாஜிகளுக்கும் இருந்திருக்கிறது. அந்தச் சந்தில் நுழைந்துதான் ஃப்ரீடல் வகுப்பு நடத்தினார்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால்தான் வகுப்பு புரியும். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். அங்கே கலைக்கைத்தொழில் பள்ளியில் ஃப்ரான்ஸ் சிஜெக்கிடம் கொஞ்ச காலம் படித்தார். சிஜெக் 1897இலேயே குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கியவர், பிள்ளைகளின் படத்தில் பெரியவர்கள் கை வைக்கவே கூடாது என்ற கட்சியின் மூத்த ஆள். அப்புறம் ஃப்ரீடல் யோஹன்னஸ் இட்டன் என்ற ஓவிய ஆசிரியரிடம் போனார். இட்டன் நேர் எதிர்த் திசை: வகுப்பு தொடங்குமுன் மூச்சுப்பயிற்சி, உடற்பயிற்சி, பிறகு வெளிச்சம்-இருட்டு, பெரிது-சிறிது, சொரசொரப்பு-வழவழப்பு என்று எதிரெதிர் குணங்களை எடுத்துக்கொண்டு கடுமையான பயிற்சிகள். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் புதிதாகத் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்கு இட்டன் ஆசிரியராகப் போனபோது ஃப்ரீடலும் கூடவே போய் 1923 வரை அங்கே இருந்தார். ஆக, நான் மேலே சொன்ன சண்டையின் இரண்டு தரப்பிலும் முதல்தரமான ஆசிரியர்களிடம் படித்த ஒருத்தி. இரண்டையும் அவர் ஒன்றாகப் பிசைந்ததுதான் இந்த ஆய்வின் மையம்.

வியன்னாவுக்குத் திரும்பி ஃப்ரான்ஸ் சிங்கரோடு சேர்ந்து வடிவமைப்புக் கூடம் நடத்தினார். மடக்கி அடுக்கி வைக்கிற நாற்காலி, மேசை, வீட்டு உள் அலங்காரம், ஒரு மாண்டிசோரி மழலைப் பள்ளியின் முழு அமைப்பு எல்லாம் அந்தக் கூடம் செய்தது. 1931இல் வியன்னா நகராட்சி, மழலைப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்க அவரைக் கூப்பிட்டது. கம்யூனிஸ்ட் கட்சிக்காக வேலை செய்ததில் 1934இல் கைதானார், வெளியே வந்ததும் ப்ராகுக்குப் போய்விட்டார். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பெடுத்தார். வீடு வாசல் இழந்த, அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளைகளோடு பேப்பரும் பென்சிலுமாக உட்கார்வது எப்படி என்று அவர் கற்றது டெரெசினில் இல்லை, ப்ராகில். அந்த வகுப்புகளில் கூடமாட உதவிய இளம்பெண் எடித் கிராமர். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1936இல் பாவெல் பிராண்டைஸைக் கல்யாணம் செய்தார். பாலஸ்தீனம் போக அவருக்கு விசா கிடைக்கிற நிலை இருந்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் போகவில்லை. இருவரும் ஹ்ரோனோவ் என்ற சிற்றூரில் இருந்தார்கள். 1942 டிசம்பரில் டெரெசின் போகும்படி உத்தரவு வந்தது. ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். உடுப்பு, போர்வை, சாப்பாடு என்று எல்லோரும் அடைக்கிற அந்தப் பெட்டியில் ஃப்ரீடல் பேப்பரும் வண்ணமும் வைத்தார். படுக்கை விரிப்புகளுக்குச் சாயம் ஏற்றி எடுத்துப் போனார், பிள்ளைகள் நாடகம் போட்டால் திரைக்கு ஆகும், உடுப்புக்கு ஆகும் என்று. எங்கே போகிறோம் என்று தெளிவாகத் தெரியாத ஒரு மனுஷி, அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

இனி வகுப்புக்குள் போவோம். முதல் வேலை தாளப் பயிற்சி. அவர் மேசையில் தட்டுவார், குரலால் ஏற்றி இறக்குவார், பிள்ளைகள் அந்த ஓட்டத்துக்கு வட்டம், சுருள், அலை என்று கோடு இழுப்பார்கள். எதன் படமும் அல்ல, வெறும் கை வீச்சு. பார்க்கிறவருக்குக் கிறுக்கல் மாதிரி இருக்கும். இதற்கு அவர் சொன்ன காரணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை: கை இளகும், பழகிப்போன பார்வையிலிருந்து பிள்ளை வெளியே வரும், அதோடு ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கும்பல் சேர்ந்து வேலை செய்கிற குழுவாக மாறும். டெரெசின் அறையில் அந்த மூன்றாவது காரணம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நேற்று வந்த பிள்ளை, அம்மாவைக் காணாத பிள்ளை, பக்கத்துக் கட்டில்காரி போன ரயிலில் ஏற்றப்பட்டதைப் பார்த்த பிள்ளை, எல்லோரும் ஒரே மேசையில். யாரையும் எதையும் கேட்காமல், ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல், மூச்சும் கையும் ஒரே தாளத்துக்கு வரும்படி செய்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறார்.

இந்தப் பயிற்சியை என் வகுப்பிலும் செய்கிறேன். தகதிமி, தகதிமி என்று சொல்லிக்கொண்டே காகிதம் முழுக்கக் கோடு ஓடவிடச் சொல்வேன். ஒரு பெண், பென்சில் ஒரு கையில் ரப்பர் மறு கையில் என்று எப்போதும் உட்கார்ந்திருப்பவள், அரை அங்குலம் வரைந்தால் கால் அங்குலம் அழிப்பாள். தாளம் ஓடும்போது அழிக்க நேரமே கிடையாது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டாள், தோளிலிருந்து கை வீசினாள், அன்றைக்கு அவள் வரைந்த செம்பருத்தி தாளைத் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரியது. ஓடுகிற ஒரு தாளத்துக்கு இவ்வளவு வலு உண்டு என்பதைக் கண்ணால் பார்க்கிற எவரும் இதை விளையாட்டு என்று ஒதுக்க மாட்டார்கள்.

அடுத்தது பொருள்கள். அவருடைய கற்பித்தலில் ஒரு பொருளைப் பார்ப்பது என்றால் அதன் எடை, அதன் மேற்பரப்பு, வெளிச்சம் விழும் இடம், பக்கத்துப் பொருளோடு அதற்கு உள்ள உறவு எல்லாம் சேர்ந்தது. குவளை, பூ, கட்டைச் செருப்பு என்று எது கிடைக்கிறதோ அதை வைத்து வரையச் சொன்னார். பழைய ஓவியர்களின் படங்களின் அச்சுப் பிரதிகளையும் கொடுத்தார். அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை, அந்தப் படத்தில் இருட்டு எங்கே கூடுகிறது, கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, நடுவில் எது நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். இது நேராக இட்டனிடமிருந்து வந்தது. 1921இல் வைமாரில் வெளிவந்த ஒரு வெளியீட்டில் இட்டன் பழைய ஓவியங்களை இப்படிப் பிரித்துக் காட்டினார், அதன் எழுத்து வடிவமைப்பைச் செய்தவர் ஃப்ரீடல்தான். பௌஹவுஸில் பெரியவர்கள் படித்த பாடத்தை அவர் டெரெசினில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நீர்க்கச் செய்யாமல் கொடுத்தார். பாவம், சின்னப் பிள்ளைகள், கஷ்டப்படுகிறவர்கள், எதையாவது வரைந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அந்த மரியாதைதான் என்னை அவரிடம் திரும்பத் திரும்பக் கொண்டுபோகிறது.

ஒட்டுப்படம் தனிக் கதை. பேப்பர் தட்டுப்பாடு கடுமையானது. அலுவலகங்களில் பயன்படுத்தி முடித்த படிவங்கள், பொட்டலக் காகிதம், அட்டைத் துண்டு, எது கிடைத்தாலும் வகுப்புக்கு வரும். தாளின் இரண்டு பக்கமும் வரைந்தார்கள். அச்சடித்த கட்டங்களும் எண்களும் நிறைந்த படிவத்தைக் கிழித்து ஒட்டி ஒரு பிள்ளை வீட்டுக்கூரை செய்கிறது, இன்னொன்று மலை செய்கிறது. படத்தை உற்றுப் பார்த்தால் அந்தப் பத்திகளும் கோடுகளும் அடியில் தெரிகின்றன. வறுமைக்குச் செய்த சமாளிப்பு என்று மட்டும் இதைச் சொல்ல முடியாது. வரையத் தெரியாது என்று பயப்படுகிற பிள்ளைக்கு ஒட்டுப்படம் பெரிய விடுதலை, கோடு சரியாக வரவேண்டிய கவலை இல்லை, வடிவத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்து இதுதான் என்று தீர்மானிக்கலாம். அமைப்பு என்றால் என்ன என்பது பேசாமலே புரிந்துவிடும். ஒட்டும் பொருள்களின் சொரசொரப்பையும் வழவழப்பையும் வைத்து இட்டன் நடத்திய பயிற்சிகளை அறிந்தவர் என்பதால் இந்தக் காகிதக் குப்பையில் எதைத் தேட வேண்டும் என்று ஃப்ரீடலுக்குத் தெரிந்திருந்தது.

பயிற்சி இவ்வளவு கறாராக இருந்தாலும் சுதந்திரமாக வரைய நேரம் உண்டு. அங்கே சிஜெக்கின் மாணவி தெரிகிறார். என்ன வரைவது என்பதில் தலையிட மாட்டார். பிள்ளைகள் வரைந்ததில் பெரும்பங்கு பூ, தோட்டம், வீட்டின் உள்ளறை, சாப்பாட்டு மேசை, பண்டிகை, மிருகங்கள். முகாமின் மூன்றடுக்குக் கட்டில், சோற்றுக்கான வரிசை, சவ வண்டி, காவலர்கள் எல்லாம் சில படங்களில் வருகின்றன. முகாமை வரை என்று அவர் கேட்டதும் இல்லை, அதை மறந்துவிட்டு அழகானதை வரை என்றும் சொன்னதில்லை. இன்றைக்கு எங்காவது வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் மறுநாளே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, நடந்ததைப் படமாகப் போடுங்கள் என்று கேட்டு அதைப் புகைப்படம் எடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அது ஃப்ரீடலின் வழியே அல்ல. தன் துயரத்தைப் பெரியவர்களுக்குக் காட்டும் கடமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. படத்தில் பேர் எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் முழுப் பெயரை எழுதியது, விடுதி எண், வகுப்பு விவரம் பல படங்களில் சேர்ந்தே இருக்கிறது. ரயிலேற்றும் பட்டியலில் எண்ணாக இருந்த பிள்ளைகள், பெரியவர்களைப் போலத் தாங்கள் செய்த வேலையின் கீழ் கையெழுத்துப் போட்டார்கள். நம்மூர் ஓவியப் போட்டிகளில் பின்பக்கம் நம்பர் எழுதி, முன்பக்கம் பேர் எழுதக் கூடாது என்று சொல்கிற வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, ஆசிரியருடைய இந்தப் பிடிவாதம் அதன் பின்விளைவு தெரியும் முன்பே சரியாகப் பட்டது. வரைந்தவர் இன்னார் என்பது படத்தின் பகுதி.

1943 ஜூலையில் எல்410 கட்டடத்தின் நிலவறையில் பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அதே வருஷம் முகாமில் இருந்த ஆசிரியர்களுக்கும் காப்பாளர்களுக்கும் குழந்தை ஓவியம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார், அது எழுத்தில் கிடைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் ஓவியர்களாக்குவது நோக்கம் இல்லை என்கிறார். படைக்கும் ஆற்றலையும் சொந்தக் காலில் நிற்பதையும் தட்டியெழுப்புவது, கற்பனையைத் திறந்துவிடுவது, கவனிக்கும் திறனையும் உண்மையை உண்மையாக மதிக்கும் திறனையும் வலுவாக்குவது, இவைதான் வேலை. பெரியவர்கள் பிள்ளைகளைத் தங்களைப் போலவே ஆக்க ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம், நாம் அப்படி என்ன மனநிறைவோடு இருக்கிறோம் என்று கேட்கிறார். பிள்ளைப் பருவம் என்பது பெரியவராவதற்கான அரைகுறை முன்நிலை கிடையாது, அதுவே தன்னளவில் ஒரு காலம் என்பது அவர் கட்சி. நாளைக்கு யார் பெயர் பட்டியலில் வரும் என்று தெரியாத இடத்தில் இதை யோசித்து, எழுதி, சக ஆசிரியர்கள் முன்னால் நின்று பேசியிருக்கிறார் என்பதை மனதில் வைத்து அந்த உரையைப் படிக்க வேண்டும். அதில் புலம்பல் ஒரு வரிகூட இல்லை, முழுக்க முழுக்கத் தொழில்பேச்சு.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 செப்டம்பர் 28 தொடங்கி ஒரு மாதத்துக்குள் டெரெசினிலிருந்து சுமார் 18,400 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் ரயிலில் பாவெல் போனார். ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்து அடுத்து வந்த ரயில்களில் ஒன்றில் அக்டோபர் 6ஆம் தேதி கிளம்பினார், அவருடைய மாணவர்களும் அந்த ரயிலில் இருந்தார்கள். அக்டோபர் 9ஆம் தேதி ஆஷ்விட்ஸின் பிர்கெனாவ் பகுதியில் கொல்லப்பட்டார். பாவெல் பிழைத்தார். கிளம்புமுன் ஃப்ரீடல் பிள்ளைகளின் படங்களை இரண்டு சூட்கேஸ்களில் அடுக்கி எல்410இல் விட்டுப் போயிருந்தார். போர் முடிந்தபின் அந்த விடுதியில் பொறுப்பிலிருந்த வில்லி க்ரோக் 1945 ஆகஸ்டில் அவற்றை ப்ராகுக்குக் கொண்டுவந்து யூதச் சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். சுமார் 4,500 படங்கள். கையெழுத்துகளை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் யார், எப்போது பிறந்தது, எந்த ரயிலில் போனது என்று பின்னால் தேடி எடுக்க முடிந்தது. ஏறக்குறைய 660 பேரில் 550 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ப்ராகின் யூத அருங்காட்சியகம் இன்று அவற்றைப் பாதுகாக்கிறது, ஒரு பகுதி பின்காஸ் ஜெபாலயத்தில் பார்வைக்கு இருக்கிறது.

சரி, இந்த வகுப்பால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? உயிர் காத்தது என்று யாரும் சொல்லக் கூடாது, அது பொய். கலை எதையும் வெல்லும் என்கிற பேச்சும் இங்கே செல்லாது. நம் கையில் இருப்பவை படங்கள், அவருடைய உரை, கடிதங்கள், பிழைத்தவர்களின் நினைவுகள். அந்த நினைவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது எர்னா ஃபர்மன் சொன்னது. டெரெசினில் பிழைத்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வாளராக இருந்தவர். ஃப்ரீடலோடு வரைந்த நேரம் தன் வாழ்க்கையின் மிக இனிய நினைவுகளில் ஒன்று என்கிறார், டெரெசின் என்பதால் அது கூடுதலாக உறைத்தது, ஆனால் உலகத்தில் எந்த இடமாக இருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும் என்கிறார். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் சொல்லிக்கொடுத்தவர் என்றும் சொல்கிறார். குழந்தை மனதை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவர் ஐம்பது வருஷம் யோசித்துச் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம். நல்ல வகுப்பு எங்கே நடந்தாலும் நல்ல வகுப்பு. துயரம் நடந்த இடம் என்பதால் நாம் அதைத் தனியாக எடுத்துக் கும்பிட்டுவிட்டு, நம்முடைய வகுப்பில் கலரிங் புத்தகத்தைப் பிரித்து, கோட்டுக்கு வெளியே போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவரிடமிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் ஆகும்.

தாளம், பொருள், ஒட்டுப்படம், பழைய ஓவியம் எல்லாமே கண்ணுக்கும் கைக்கும் பிடிமானம் கொடுக்கிற கறாரான பயிற்சிகள். எந்தப் பயிற்சியும் படம் இப்படித்தான் முடிய வேண்டும் என்று சொல்வதில்லை. வழியில் உழைக்க வைக்கிறார், முடிவைப் பிள்ளையிடம் விடுகிறார். 1940இல் ஹ்ரோனோவிலிருந்து ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்: படைக்கும் ஆசையைத் தூண்டுவது, அதைப் பழக்கமாக்குவது, போய்ச் சேர வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டால் சின்னதாகிப் போகிற தடைகளைத் தாண்டக் கற்றுக்கொடுப்பது, இது ஒன்றுதான் தனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது என்று. பழக்கம் என்ற சொல்லை அவர் அதில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். வாரம் ஒரு நாள் மனநிலை வந்தால் வரைவது என்பதை அவர் கலை வகுப்பாகக் கருதவில்லை.

எடித் கிராமர் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1950களில் வில்ட்விக் பள்ளியில், வீட்டிலும் தெருவிலும் அடிபட்டு வந்த சிறுவர்களுக்கு வகுப்பெடுத்தார், ஓவிய சிகிச்சை என்ற துறை அமெரிக்காவில் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் துறையின் இன்னொரு முன்னோடியான மார்கரெட் நாம்பர்க், படத்தை ஆழ்மனதுக்குள் போகும் வாசலாகக் கண்டு அதன் அர்த்தத்தைப் பேசிப் பிரிப்பதில் நம்பிக்கை வைத்தவர். கிராமர் அதில் மாறுபட்டார். பிள்ளை தன் படத்தை நல்ல படமாக ஆக்க உழைக்கிறதே, குணமாகும் வேலை அந்த உழைப்புக்குள்ளேயே நடக்கிறது, ஆகவே கூட இருப்பவர் முதலில் ஓவியராகவும் நல்ல ஆசிரியராகவும் இருக்க வேண்டும் என்றார். பிள்ளை தேடுகிறதை அதன் போக்கிலேயே கண்டடைய உதவி, தன் பாணியையோ தன் விருப்பத்தையோ படத்தில் நுழைக்காமல் இருப்பதை அவர் மூன்றாவது கை என்று அழைத்தார். ப்ராகில் அகதிப் பிள்ளைகளோடு ஃப்ரீடல் உட்கார்ந்திருந்த மேசையில் பக்கத்தில் இருந்து பார்த்துப் படித்தவர் அவர், தன் வேலை அங்கேதான் தொடங்கியது என்று 2014இல் இறக்கும் வரை சொல்லிவந்தார்.